நோய்க்குக் காசில்லை, துண்டுக்குத்தான் காசு

ஸ்காபரோ, கனடா
மாசி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே பனி முழங்காலளவு. மற்றபடி குறையில்லை.

போன கிழமை நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லத் தொடங்க லைன் அறுந்துவிட்டது. "வாட்ஸ்அப்பிலை வொய்ஸ் போட்டு விடு" என்றார் இவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க மிக்சர் கலக்கி, குளிசைக்கும் ஊசிக்கும் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற மனிதரிடம் வைத்தியச் செலவைப் பற்றி அரை நிமிட வொய்ஸில் சொல்லித் தப்ப முடியுமா? நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து வீட்டுக்கு லீவில் வந்த பெடியன், கனடாவில் டொக்டரிடம் போனால் ஒரு சதமும் இல்லை என்று புளுகினானாம். அவனுடைய மனிசியோ, ஒரு வரி எழுதித் தருவதற்கு இருபது டொலர் வாங்குகிறார்கள் என்று தலையில் அடித்தாளாம். இரண்டில் எது உண்மை என்று கேட்டீர்கள். இரண்டும் உண்மை, அண்ணை. புருசனும் பெண்சாதியும் ஒரே டொக்டரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் புருசன் கட்சி. இங்கே கிளினிக்குக்குப் போனால் கேட்பது ஹெல்த் கார்ட் ஒன்றைத்தான். ஒன்ராறியோ மாகாணம் நடத்தும் காப்புறுதி அது, ஓஹிப் என்போம். அதற்கான காசு வரியோடு வரியாய்ப் போய்விடுகிறது. ஆனால் டொக்டர் அரசாங்கச் சம்பளக்காரர் இல்லை. கிளினிக் வாடகை, ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளையின் சம்பளம், கணினி எல்லாம் அவர் பாடு. நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒரு குறியீட்டைத் தட்டி மாகாணத்துக்குக் கணக்கு அனுப்புவார். எங்களுடைய தடிமல், காய்ச்சல், நாரிப்பிடிப்புப் போன்ற சாமானிய வருத்தங்களுக்கு அவர் தட்டும் குறியீடு ஏ007. அதற்கு மாகாணம் கொடுப்பது ஏறத்தாழ நாற்பது டொலர். இதை அறிந்த நாளிலிருந்து இவர் கிளினிக்குக்குப் போகும்போது சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டு, கதிரையில் ஜேம்ஸ் பொண்ட் மாதிரிக் கால்மேல் கால் போட்டு இருக்கிறார்.

இன்னொரு முறையும் உண்டு. டொக்டரின் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாகாணம் கொடுத்துவிடும். எங்கள் டொக்டர் அந்த முறை. அவருடைய நோயாளி அவசரத்துக்கு வேறொரு வோக்-இன் கிளினிக்கில் போய்க் காட்டினால், எங்கள் டொக்டருக்கு வரவேண்டிய ஊக்கப் பணத்தில் வெட்டு விழும். மாமி ஒருநாள் சந்தியிலுள்ள கிளினிக்கில் இருமலைக் காட்டிவிட்டு வந்தா. இருமல் மாறுவதற்கு முன்னமே எங்கள் டொக்டரின் அலுவலகத்தில் இருந்து போன் வந்துவிட்டது. "நான் களவெடுத்தனானோ?" என்று மாமி இரண்டு நாள் புறுபுறுத்தா.

இந்த இலவசம் சும்மா வந்ததில்லை. ரொமி டக்ளஸ் என்று ஓர் அரசியல்வாதி. சின்ன வயதில் கால் எலும்பில் கிருமி பிடித்துக் காலையே எடுக்கவேண்டிய நிலை. குடும்பத்திடம் காசில்லை. மாணவர்களுக்குக் காட்டிப் படிப்பிக்கலாம் என்றால் காசில்லாமல் செய்கிறேன் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் முன்வந்ததால் கால் தப்பியது. அந்தப் பிள்ளை வளர்ந்து சஸ்காச்சுவான் மாகாண முதல்வராகி, ஒருவனின் கால் இன்னொருவரின் மனம் இரங்குவதில் தங்கியிருக்கக் கூடாது என்று திட்டம் போட்டார். 1962 ஆடி மாதம் முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே டொக்டர்மார் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. பிறகு மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாய் அந்த வழிக்கு வந்தன.

ஆனால் டொக்டர்மாரில் கொஞ்சப்பேர், அரசாங்கம் தருவது போதாது என்று நோயாளியிடமும் மேலதிகமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இருந்தார்கள். 1984இல் சுகாதார அமைச்சர் மொனிக் பெஜான் கொண்டுவந்த கனடா சுகாதாரச் சட்டம் அதற்கு வைத்த ஆப்பு விசேஷமானது. டொக்டரைப் பிடித்து மறியலில் போடவில்லை. ஒரு மாகாணத்தில் நோயாளியிடம் எத்தனை டொலர் மேலதிகமாய் வாங்கப்பட்டதோ, அத்தனை டொலரை மத்திய அரசு அந்த மாகாணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கழிக்கும். தம்பி செய்த குற்றத்துக்குத் தமையனின் சம்பளத்தில் வெட்டு. தமையன் தம்பியைக் கவனித்துக்கொள்வான்தானே? 1986இல் ஒன்ராறியோ தடைச்சட்டம் போட்டது. இங்கும் டொக்டர்மார் மூன்று கிழமைக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள், அரசாங்கம் அசையவில்லை. அதே கோடையில், ஆவணி மாதம், எங்கட ஆக்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்து மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள். நோயாளியிடம் டொக்டர் காசு கேட்கக்கூடாது என்று நாடு சண்டைபிடித்து முடித்த கையோடு வந்து இறங்கிய சனம் நாங்கள். அதனால் அது ஆதிகாலம் தொட்டு இருந்த வழக்கம் என்று நினைத்துவிட்டோம்.

இனிப் பெண்சாதி கட்சி.

சட்டம் காப்பது வைத்தியத்துக்குத் தேவையான சேவையை. வருத்தத்தைப் பார்ப்பது தேவை. வருத்தம் என்று கடதாசியில் எழுதித் தருவது? அது வைத்தியம் இல்லை, எழுத்து வேலை. அதற்கு ஓஹிப் ஒன்றும் கொடாது; டொக்டர் நோயாளியிடம் வாங்கலாம். எவ்வளவு வாங்கலாம் என்று வைத்தியர் சங்கம் ஒரு பரிந்துரைப் பட்டியலும் வெளியிடுகிறது. எங்கள் கிளினிக்கில் மீன் தொட்டிக்கும் பிள்ளையார் கலண்டருக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட விலைப்பட்டியல் தொங்குகிறது. வேலையிடத்துக்கு மெடிக்கல் துண்டு: 20 டொலர். பிள்ளைகளின் கோடை முகாம் படிவம்: 30. ஆளைப் பார்க்காமல் பாமசி கேட்டதற்கு மருந்தைப் புதுப்பித்துக் கொடுத்தல்: 15. அழகுக்காக மருவை எடுத்தல்: 40. அறிவிக்காமல் வராமல் விட்டால்: 50. வருத்தத்தோடு வந்தால் ஒன்றுமில்லை, வராமல் விட்டால் ஐம்பது! கோப்பைப் பிரதி எடுத்துத் தருவதென்றால் மாகாணத்தின் அந்தரங்க ஆணையாளர் அலுவலகமே ஓர் அளவு வைத்திருக்கிறது: முதல் 20 பக்கத்துக்கு 30 டொலர், அதற்குப் பிறகு பக்கத்துக்கு 25 சதம். இந்த 25 சதத்தைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

இவருக்குப் போன மாரியில் சரியான காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனதும் சுப்பர்வைசர், "டொக்டரின் துண்டு எங்கே?" என்று கேட்டான். காய்ச்சல் விட்ட மனிதர், காய்ச்சல் இருந்தது என்று எழுதி வாங்கக் கிளினிக்குக்குப் போனார். டொக்டர் நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், "இப்ப உங்களுக்கு ஒண்டும் இல்லை" என்றார். அது இலவசம். பிறகு "இவருக்கு வருத்தம் இருந்தது" என்று தட்டி அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார். அது 20 டொலர். இவர் வாசலில் நின்று துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுகத்துக்குக் காசில்லை. வருத்தத்துக்கும் காசில்லை. அத்தாட்சிக்குத்தான் காசு." இதில் ஒரு நல்ல சேதி: 2024 ஐப்பசி 28இல் இருந்து, சட்டம் தரும் மூன்று நாள் சம்பளமில்லாச் சுகவீன லீவுக்கு முதலாளி டொக்டரின் துண்டு கேட்கக்கூடாது. டொக்டர்மாரே, எங்களுக்கு இந்தத் துண்டெழுதும் ஆக்கினை வேண்டாம் என்று நெடுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது டொலர் வருமானத்தை வேண்டாம் என்று சொல்லுகிற அளவுக்கு அவர்களுக்கு அதில் வெறுப்பு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புளொக் ஃபீ என்று ஒன்று உண்டு. துண்டு துண்டாய்க் கட்டாமல் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாய் ஒரு தொகையைக் கட்டிவிட்டால், அந்த வருடம் படிவம், துண்டு, புதுப்பிப்பு ஒன்றுக்கும் தனியே காசில்லை. எங்கள் கிளினிக்கில் ஆளுக்கு 140 டொலர், குடும்பத்துக்கு 250. மார்கழியில் கடிதம் வந்தது. மேலே டொக்டரின் பெயர், பட்டம். நடுவில் கொட்டை எழுத்தில் தொகை. கீழே, "உங்கள் தொடர்ச்சியான பராமரிப்பை நாங்கள் மதிக்கிறோம்" என்று ஒரு வசனம். அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கட்டுவது உங்கள் விருப்பம் என்று ஒரு வரி.

வைத்தியர் தொழிலை ஒழுங்குபடுத்தும் சபையின் விதி இதில் தெளிவானது. கட்டுவதும் விடுவதும் நோயாளியின் விருப்பம். கட்டாதவரைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது, பட்டியலில் இருந்து பெயரை வெட்டக்கூடாது. நான் எப்போதும் உங்களுக்குக் கிடைப்பேன் என்பதற்காக மட்டும் காசு வாங்கவும் கூடாது. நோயாளிக்கு வசதியில்லை என்றால் அதையும் கவனிக்கவேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் எங்கட சனம் சபையின் விதியையா வாசிக்கும்? டொக்டரின் முகத்தைத்தான் வாசிக்கும். குடும்ப டொக்டர் கிடைக்காமல் கனபேர் அலைகிற காலம் இது. கிடைத்தவரும் தமிழ் டொக்டர். கலியாணவீட்டில் காண்கிற ஆள், மகளின் அரங்கேற்றத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்த ஆள். அவரிடம் போய், "இது கட்டாயமோ?" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் என்ன நினைப்பார்? கட்டிவிடுவோம், பெரிய காசா என்று கட்டிவிடுகிறார்கள். வருடம் முழுக்க ஒரு துண்டும் எடுக்காத கிழவன் கிழவிகளும் கட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டில் கேட்டது மாமி. இரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில், கிளினிக் நிறைய ஆட்கள். ரிசப்ஷன் பிள்ளை குனிந்து, மெதுவாக, "அம்மா, இந்த வருசத்துக் கடிதம் கிடைச்சதோ?" என்றாள். மாமிக்குக் காது மந்தம். காது மந்தமானவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "கட்டாட்டி டொக்டர் என்னைப் பாக்க மாட்டாரோ பிள்ளை?" மீன் தொட்டியில் மீனே நின்றுவிட்டது. "ஐயோ இல்லை அம்மா, விரும்பினா மட்டும்தான்." "அப்ப நான் விரும்பேல்லை" என்றா மாமி, கைப்பையின் கிளிப்பைப் படார் என்று மூடி. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் வெளியே எடுத்த கடன் அட்டையை மெல்லப் பர்ஸுக்குள் செருகியதை நான் பார்த்தேன். அன்றைக்கு டொக்டர் மாமியை எப்போதும்போலச் சிரித்த முகத்தோடுதான் பார்த்தார். அவருக்கு இந்தச் சங்கதியே தெரிந்திருக்காது.

டொக்டரை நான் குறை சொல்லவில்லை, அண்ணை. பகலில் நோயாளியைப் பார்த்துவிட்டு இரவில் படிவம் நிரப்புகிற மனிதர் அவர். இன்சூரன்ஸ் கொம்பனி ஒரு படிவம், பள்ளிக்கூடம் ஒரு படிவம், வாகன நிறுத்தத்துக்கு ஒரு படிவம். உலகத்தில் ஒருவருக்கும் ஒருவரிலும் நம்பிக்கையில்லாமல் போய், எல்லோரும் டொக்டரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அந்த வேலைக்கு அவர் கூலி வாங்குவதில் பிழையில்லை. விருப்பம் என்ற சொல்லையும் தொகையை அச்சடித்த அதே கொட்டை எழுத்தில் அச்சடிக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

எழுத்து வேலை என்று சொல்லிக்கொண்டு வைத்தியத்துக்கே காசு வாங்கினவர்களும் உண்டு. கியூபெக் மாகாணத்தில் தனியார் கிளினிக்குகளில் கண்ணுக்கு விடும் துளிமருந்து, விறைக்கப் பண்ணும் மருந்து, பாவிக்கும் உபகரணம் என்று துணைக் கட்டணங்கள் எழுதினார்கள். வைத்தியம் இலவசம், மருந்தைக் கண்ணுக்குள் விடத்தான் காசு. மத்திய அரசு கண்ணை உருட்டிய பிறகு, 2017 தை மாதம் அது ஒழிந்தது. மொன்றியலில் இருக்கும் எங்கள் சின்னம்மாவின் மகள் இன்னும் அந்தப் பழைய ரசீது ஒன்றை வைத்திருக்கிறாள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட.

அம்புலன்ஸையும் சொல்லவேண்டும். இவர் பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி, அம்புலன்ஸில் போனார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, டொக்டர், கட்டு, எல்லாம் இலவசம். சில கிழமை கழித்து 45 டொலருக்கு பில் வந்தது. அது சட்டப்படியான கட்டணம்தான். அம்புலன்ஸ் தேவைப்படவில்லை என்று ஆஸ்பத்திரி டொக்டர் கருதியிருந்தால் 240 ஆகியிருக்கும். பில்லைக் கண்டதும் இவருக்கு ஒரே புளுகம்: "பாத்தியே, என்ரை கால் உண்மையிலேயே உடைஞ்ச கணக்கு!" மனிசன் நோவுக்குக் கூட இவ்வளவு பெருமைப்படவில்லை.

மருந்துக்கடைக் கணக்கு வேறு. எங்களைப் போன்றவர்கள் கைக்காசு, அல்லது வேலையிடத்துக் காப்புறுதி. மாமி 65ஐத் தாண்டியவ, வருமானமும் குறைவு. அதனால் ஒரு மருந்துக்கு 2 டொலர்தான். அந்த 2 டொலரையும் பாமசிகள் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். ஆகவே எங்கள் பக்கத்துப் பாமசிகளுக்குள் போட்டி. ஒரு கடை 2 டொலரை விட்டது. அடுத்த கடை அதையும் விட்டுக் கலண்டரும் கொடுத்தது. எங்கள் வீட்டில் இப்போது அறைக்கு ஒரு முருகன்.

இனி அந்த 25 சதம். உங்களுக்கு மறந்திருக்காது, நீங்கள் வேலையில் சேர்ந்த புதிதில், 1971இல், அரசாங்கம் வெளிநோயாளர் பிரிவுக்கு 25 சதம் டிக்கெட் கொண்டுவந்தது. அம்மா என்னைக் காட்டக் கூட்டிக்கொண்டு வரும்போது சேலைத் தலைப்பில் அந்தக் காசை முடிந்துகொண்டு வருவா. டிக்கெட் வந்த பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையில் சனம் குறைந்ததாக நீங்களே வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள். 1977இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இங்கேயும் அதே கூத்து நடந்திருக்கிறது. ரொமி டக்ளஸின் அதே சஸ்காச்சுவானில் 1968இல் ரோஸ் தாட்சரின் அரசாங்கம், சனம் சும்மா சும்மா டொக்டரிடம் ஓடுகிறது என்று சொல்லி, கிளினிக்குக்குப் போனால் 1.50 டொலர், டொக்டர் வீட்டுக்கு வந்தால் 2 டொலர் என்று கட்டணம் வைத்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது: ஏழைகள் டொக்டரிடம் போவது 18 வீதம் குறைந்திருந்தது. வசதியுள்ளவர்களிடம் அவ்வளவு குறையவில்லை. சும்மா வருகிறவனைத் தடுக்கப் போட்ட வேலி, காசில்லாதவனைத் தடுத்தது. 1971இல் அலன் பிளேக்னியின் அரசாங்கம் வந்து அதை ஒழித்தது. பாருங்கள், இங்கே கைவிட்ட அதே வருடம் அங்கே தொடங்கியிருக்கிறோம்!

அந்த 25 சதம் சம்பளக்காரருக்குச் சில்லறை, கூலிக்காரருக்கு ஒரு வேளைப் பாண். இங்கத்தைய 140 டொலரும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். இங்கே கட்டாமலே உள்ளே போகலாம். அது தெரியாமல், அல்லது கேட்க வெட்கப்பட்டு, சனம் தானாகக் கட்டுகிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான்.

இவ்வளவும் வாசித்துக் களைத்திருப்பீர்கள். கோடைக்கு நீங்களும் அண்ணியும் வருவதென்றால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மேலே எழுதியதில் ஒன்றும் உங்களுக்குப் பொருந்தாது. விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கு ஓஹிப் இல்லை. தடிமலுக்கும் காசு, துண்டுக்கும் காசு, ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுத்தால் காணியை விற்கவேண்டி வரும். ஆகவே வெளிக்கிடுமுன் பயண இன்சூரன்ஸ் எடுங்கள். அண்ணியின் பிரஷரையும் உங்கள் சீனி வருத்தத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் வருத்தத்துக்கு என்ன விதி என்பதைத்தான் அவர்கள் எறும்பு எழுத்தில் போடுவார்கள். குளிசைகளை இருக்கப்போகும் நாளுக்குப் போதுமானதாய், டொக்டரின் துண்டோடு கொண்டுவாருங்கள். அந்தத் துண்டை நல்லாய் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். ஆட்டம் காணும் அந்தக் கடைவாய்ப்பல்லையும் அங்கேயே பிடுங்கிவிட்டு வாருங்கள்.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாமிக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவ கேட்கிற கேள்விக்கு மறுமொழி சொல்லக்கூடிய கொம்பனியாய் இருந்தால் மட்டும் காசைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை